இனயத்து மருமகளுக்கு ஒரு மீன்கறி

என் மனைவி ஜெபகுமாரி யார் எதைச் சொன்னாலும் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டாள். பிறவிக்குணம் என்று அவளுடைய தம்பிமார் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது தொழில் கொடுத்த குணம். அருமனையில் எங்களுக்கு ரப்பர் ஷீட் வாங்குகிற கடை இருக்கிறது. கணக்கு என் பொறுப்பு, சரக்குப் பார்ப்பது அவள் பொறுப்பு. தோட்டத்துக்காரர் யாராவது ஷீட்டைக் கட்டாகக் கொண்டுவந்து மேசையில் போட்டு, "நல்லா காஞ்ச சரக்காக்கும் அக்கா" என்பார். ஜெபகுமாரி ஒரு ஷீட்டை உருவி வாசல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பாள். தேன் நிறத்துக்கு நடுவில் எங்காவது வெள்ளையாகத் தெரிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அதற்குத் தக்கபடி எடையில் கழித்துவிட்டுத்தான் என்னை எழுதச் சொல்வாள். அவள் கழித்தால் சரியாகத்தான் இருக்கும் என்று ஊரில் பேர். யாரும் இதுவரை சண்டைக்கு வந்ததில்லை.

இந்தக் கழிவு கடையோடு நின்றிருந்தால் ஒரு தொந்தரவும் இல்லை. வீட்டுக்கும் வந்துவிட்டது, சபைக்கும் வந்துவிட்டது. நாற்பது நாள் உபவாசம் இருந்த ஒரு மனிதரைத் தனக்குத் தெரியும் என்று போதகர் ஒருநாள் பிரசங்கத்தில் சொன்னார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். திரும்பி வரும்போது ஸ்கூட்டரின் பின்னாலிருந்து இவள் சொன்னாள்: "ஒரு இருவது நாளு இருந்திருப்பாரு. மிச்சம் ஈரம்." நான் சிரித்ததில் வண்டி ஓடைக்குள் போகப் பார்த்தது.

எங்களுக்கு அபினேஷ் ஒரே மகன். மஸ்கட்டில் வேலை. நாகர்கோவிலில் படிக்கும்போதே இனயத்துப் பெண் ஜினியைப் பார்த்து வைத்துவிட்டான். அவளுடைய அப்பா ததேயுஸ் சொந்த வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். நாங்கள் சி.எஸ்.ஐ., அவர்கள் ஆர்.சி. எந்தக் கோயிலில் வைத்துக் கல்யாணம் என்று தொடங்கிய பேச்சு ஒரு வருடம் இழுத்தது. மதம் ஒரு சாக்குதான். மலைப்பக்கத்துக்காரிக்குக் கடற்கரை என்றால் உள்ளுக்குள் ஏதோ ஒரு இது. ஜெபகுமாரி அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசியில் அவர்கள் கோயிலில் கல்யாணம், எங்கள் சபை மண்டபத்தில் விருந்து என்று முடிந்தது. மேடையில் போட்டோ எடுக்கும்போது ஜெபகுமாரிக்கும் ஜினியின் அம்மா செலினுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் கிடந்தது. போட்டோக்காரர் என்னைப் பிடித்து அந்த இடத்தில் நிறுத்தினார். இன்றைக்கும் ஆல்பத்தில் நான் அப்படித்தான் முழித்துக்கொண்டு நிற்கிறேன்.

லீவு முடிந்து அபினேஷ் மஸ்கட்டுக்குப் போய்விட்டான். ஜினி எங்களோடு இருந்தாள். வயிற்றில் பிள்ளை என்று தெரிந்தபிறகு, பிரசவம் முடிந்து விசா பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார்கள். அமைதியான பிள்ளை. கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் புத்தகம் வாசிப்பாள். எதைக் கொடுத்தாலும், "நல்லா இருக்கு மாமி" என்பாள். இந்த வார்த்தையில்தான் ஜெபகுமாரிக்குத் தூக்கம் போனது. எல்லாமே ஒருவருக்கு எப்படி நல்லா இருக்கும்? வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்க மருமகள் என்ன ரப்பர் ஷீட்டா?

நல்லா இருக்கு என்று சொன்ன பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. இதுதான் பெரிய கவலையாகிப் போனது. கடற்கரையில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு மீன் இல்லாமல் எப்படிச் சோறு இறங்கும் என்று ஜெபகுமாரி தினமும் மீன் வாங்கத் தொடங்கினாள். அதற்குமுன் எங்கள் வீட்டில் வாரத்தில் ஒருநாளோ இரண்டுநாளோதான் மீன். இப்போது மீன்காரர் வண்டி எங்கள் வாசலில் ஹாரன் அடிக்காமல் போவதில்லை. இருப்பதிலேயே நல்லதாகப் பார்த்து எடுப்பாள். செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், கண்ணை அமுக்கிப் பார்ப்பாள், "நேத்தய மீனு" என்பாள். அவர் ஏசுவின் மேல் சத்தியம் செய்வார். தேங்காய் அரைத்த கறி, பொரித்தது, அவித்தது என்று வகைவகையாக வைத்தாள். ஜினி இரண்டு வாய் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து எழுந்துவிடுவாள். மசக்கை என்றோம். மசக்கை மாறும் மாதமும் கடந்தது. ஆஸ்பத்திரியில் எடை காணாது என்று டாக்டர் சொன்னார்.

ஏழாம் மாதம் வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். சனிக்கிழமை சாயங்காலம் ததேயுசும் செலினும் வருவதாகவும், ராத்திரி இங்கே சாப்பிட்டுத் தங்கி, காலையில் ஜெபம் பண்ணி ஜினியைக் கூட்டிக்கொண்டு போவதாகவும் ஏற்பாடு. அந்த வாரத் தொடக்கத்தில் ஒருநாள் நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஜெபகுமாரி வந்து எதிரில் உட்கார்ந்தாள். முகம் சரியில்லை.

"நேத்து அவ அபினேஷ்கிட்ட போன்ல பேசுனத கேட்டேன். பிரசவம் முடிஞ்சா அம்மை வீட்டுலேந்தே மஸ்கட்டுக்கு வந்திருதேன்னு சொல்லுதா."

"சரி, அதுக்கென்ன? அவன்கூடத்தானே போவுதா."

"இஞ்ச வரமாட்டா, கேட்டியளா. பிள்ளையத் தூக்கிட்டு நம்ம வாசப்படி ஏறமாட்டா."

"நீயா எதாவது நெனைக்காத, ஜெபா."

"சோறு இறங்காத வீட்டுக்கு யாரு திரும்பி வருவா? நீங்க வருவியளா?" என்றாள். "போறதுக்கு முன்ன ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, அவ வயிறு நெறய இந்த வீட்டுல திங்கணும். அது போதும் எனக்கு."

அன்று சாயங்காலம் அவள் செய்த காரியத்தை நான் எதிர்பார்க்கவில்லை. கல்யாணத்துக்குப்பின் முதல்முறையாகத் தானாகவே செலினுக்குப் போன் போட்டாள். யாரிடமும் எந்தப் பக்குவமும் கேட்டுப் பழக்கமில்லாத ஆள், கோழிக்கூட்டுக்குப் பின்னால் நின்று, மெதுவான குரலில், "மைனி, ஒங்க வீட்டுல வைக்க மீன்கறி எப்படியாக்கும்? ஜினிக்கு வச்சுக் குடுக்கணும்" என்று கேட்டாள். எனக்கு அவள்மேல் அன்றைக்கு வந்த பிரியம் கொஞ்சமல்ல. செலின் எதிர்ப்பக்கம் ஒரு நிமிடம் பேசவே இல்லையாம். பிறகு, "நான் வாய்ஸ் போட்டு விடுதேன் மைனி, அப்பம்தான் சரியா இருக்கும்" என்றாராம்.

வாய்ஸ் வந்தது. பின்னால் கடல் இரைச்சல் கேட்க செலின் நிறுத்தி நிறுத்திச் சொல்லியிருந்தார்: "மைனி, இது வள்ளத்துல வைக்க கறி. எங்க வீட்டுல இததான் வைப்போம். பாரை கெடச்சா பாரை, இல்லேன்னா விளமீன். மண்சட்டில மீனப் போட்டு, வத்தப்பொடி, உப்பு, ஊறவச்ச கொடம்புளி, நாலு உள்ளிய நசுக்கிப் போட்டு, கறிவேப்பிலயும் போட்டு, கையால பெரட்டணும். மீன் மூடுத வரைக்கும் தண்ணி. கொதிச்சா கரண்டி போடாதிய, சட்டியத் தூக்கிச் சுத்தணும். எறக்கி பச்சத் தேங்கா எண்ண ஒரு சுத்து. அவ்வளவுதான் மைனி."

ஜெபகுமாரி அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். போனைக் காதில் வைத்துக் கேட்டாள், மேசையில் வைத்துக் கேட்டாள். அந்த 'அவ்வளவுதான் மைனி' வந்ததும் ஒவ்வொரு முறையும் புருவத்தைத் தூக்கினாள்.

"அவ்வளவுதானா? தேங்கா எங்க? மல்லி எங்க? வெந்தயம் எங்க?"

"அவங்க அப்படித்தான் வைப்பாங்களோ என்னமோ."

"தேங்கா இல்லாத மீன்கறியா? ஒண்ண மறைச்சிருக்கா. நான் சொல்லுதேன், எழுதி வச்சுக்கிடுங்க."

எங்கள் பக்கத்தில் தேங்காய் அரைக்காமல் ஒரு கறி வைப்பது, பெட்ரோல் ஊற்றாமல் வண்டி உதைப்பது போலத்தான். எனக்கும் அது புரிந்தது. ஆனாலும் கேட்டு வாங்கியதைச் சொன்னபடி ஒருமுறை வைத்துப் பார்க்கலாமே என்றேன். நீங்க சும்மா இருங்க என்றாள். கல்யாணமான இந்த முப்பது வருடத்தில் நான் அதிகமாகக் கேட்ட வார்த்தை அது.

மறுநாள் ஒத்திகை நடந்தது. செலின் சொன்னது எல்லாம் போட்டாள், கூடவே அரைமூடித் தேங்காயை மல்லியோடு அரைத்து ஊற்றினாள். எங்கள் வீட்டுக் கறி கொஞ்சம் காரமாக வந்தது. ஜினி இரண்டு வாய் சாப்பிட்டாள். நல்லா இருக்கு என்றாள். எழுந்துபோனாள். அதற்கடுத்த நாள் தேங்காயை விட்டுவிட்டு, வெந்தயமும் நல்லமிளகும் வறுத்துப் பொடித்துப் போட்டாள். அதே இரண்டு வாய்தான். மிச்சக் கறியை நானே இரண்டு வேளையும் தின்று தீர்த்தேன். என் நாக்கு எனக்கு நன்றி சொன்னது, வயிறு சொல்லவில்லை.

"பாத்தியளா, எதையோ மறைச்சிட்டாண்ணு சொன்னேம்லா" என்றாள் ஜெபகுமாரி. இப்போது கோபம் கூடியிருந்தது. "தன் கைப்பக்குவம் மாமியாருக்கு வந்திரக் கூடாதுண்ணு நெனைக்கா. மக இஞ்ச நல்லா தின்னா அவ்வளவு எரிச்சலா?" மீன்காரரிடமும் விசாரித்தாள். குளச்சல்காரர் அவர். வள்ளத்துக் கறியில் வேறு என்ன போடுவீர்கள் என்று கேட்டாள். "வள்ளத்துல என்னக்கா இருக்கு போட? மீனு, மொளவு, புளி, உப்பு" என்றார். இவரையும் செலின் வீட்டு ஆட்கள் சேர்த்துக்கொண்டார்கள் என்கிற மாதிரி அவரைப் பார்த்தாள். பாவம், அவர் பயந்து இரண்டு சாளையைக் கூடுதலாகப் போட்டுவிட்டுப் போனார்.

சனிக்கிழமை கடையை மத்தியானமே அடைத்தோம். ஜெபகுமாரி பாரை மீன் வாங்கி வைத்திருந்தாள். மண்சட்டி அடுப்பில் இருந்தது. தேங்காய் துருவுவதற்கு எடுத்த கை பாதியில் நின்றது. நான் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னாச்சு?"

"நான் தேங்கா போட்டேன்னு வச்சுக்கிடுங்க. செலின் வாயில வச்ச ஒடனே தெரியும்லா, நான் அவ சொன்னத நம்பல்லேண்ணு" என்றாள். "அது மோசம். அவ மறைச்சா மறைச்சுக்கிட்டும். நான் அவ சொன்ன மாதிரியே வைக்கேன். கறி கெட்டா கெட்டது அவ பேரு."

மறைப்பவளை அவள் மறைவிலேயே பிடிக்கப் பார்க்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் சந்தோஷம்தான். போனை ஜன்னல் கட்டையில் சாய்த்துவைத்து, செலின் குரலை ஓடவிட்டு, ஒவ்வொரு வரிக்கும் ஒவ்வொன்றாகச் செய்தாள். கையால் பிரட்டினாள். கரண்டி போடவில்லை. கொதித்ததும் துணியைப் பிடித்துச் சட்டியைத் தூக்கிச் சுற்றினாள். இறக்கி, பச்சை எண்ணெய் ஊற்றி மூடினாள். வாசனை கூடம்வரை வந்தது. நான் உமிழ்நீரை விழுங்கினேன். ஜெபகுமாரி மூடியைத் தூக்கி ஒரு சொட்டுப் புறங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். இன்னொரு சொட்டு விட்டு நக்கினாள்.

"எப்படி இருக்கு?"

"இருக்கு" என்றாள். அவள் வாயிலிருந்து அதற்குமேல் வராது.

ஆறு மணிவாக்கில் அவர்கள் வந்தார்கள். செலின் ஒரு பாத்திரம் நிறைய முந்திரிக்கொத்து சுட்டுக்கொண்டு வந்திருந்தார். ததேயுஸ் வெள்ளை வேட்டி கட்டி, கல்யாணத்தில் பார்த்ததைவிடக் கறுத்திருந்தார். "சுகமா அத்தான்?" என்று என் கையைப் பிடித்தார். கையா அது, கயிறு இழுத்து இழுத்து மரக்கட்டை மாதிரி இருந்தது. ஜினி அம்மாவைக் கண்டதும் கட்டிக்கொண்டாள். செலின் மகளின் கன்னத்தைத் தடவி, தோளைத் தடவி, கையைத் தூக்கிப் பார்த்தார். மெலிந்திருக்கிறாள் என்பதை அவர் வாயால் சொல்லவில்லை. ஆனால் ஜெபகுமாரிக்கு அந்தக் கை தடவிய விதம் போதுமாக இருந்தது. முகம் சுருங்கிவிட்டது.

சீக்கிரமே சாப்பிட உட்கார்ந்தோம். சம்பா அரிசிச் சோறு, அவியல், பப்படம், முட்டை அவித்தது, நடுவில் மண்சட்டியோடு கறி. ஜெபகுமாரி உட்காரவில்லை, பரிமாறினாள். முதலில் ததேயுசுக்கு ஊற்றினாள். அவர் ஒரு வாய் எடுத்தவர் நிமிர்ந்து சட்டியைப் பார்த்தார்.

"இது யாரு வச்சது?"

"நாந்தான். ஏன், செரியில்லையா?" ஜெபகுமாரியின் குரல் ஒரு சண்டைக்குத் தயாராக இருந்தது.

"வள்ளத்துல வச்ச மாதிரியே இருக்கு மைனி. அங்க அரைக்கதுக்கு அம்மியா கெடக்கு? இருக்கத போட்டு வைப்போம். கரைக்கு வந்து திங்குத கறியில இந்த ருசி வராது. இஞ்ச வந்திருக்கே!" என்று சொல்லி இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.

ஜெபகுமாரி இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள். எனக்கு அவள் மனதில் ஓடுவது தெரிந்தது. செலின் ஒன்றையும் மறைக்கவில்லை. சொன்னதுதான் கறி. அவள் செலினைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஒரு வெட்கம் இருந்தது. அந்தப் பார்வையை என் முப்பது வருடத்தில் நான் பார்த்ததில்லை. "மைனி, நல்லா சொல்லித் தந்திய" என்றாள். செலினுக்கு அது ஏன் அவ்வளவு கனமாகச் சொல்லப்படுகிறது என்று புரியவில்லை. சிரித்தார்.

பிறகு ஜெபகுமாரி ஜினியின் தட்டுக்குப் போனாள். நடுத்துண்டைப் பார்த்து எடுத்து வைத்து, கறியை ஊற்றினாள். செலின் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜினி சோற்றைப் பிசைந்தாள். மீனைக் கொஞ்சம் கிள்ளினாள். ஒரு வாய் வைத்தாள், மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். தண்ணீரை எடுத்தாள்.

"ஏன் மக்கா, திங்க முடியல்லியா?" என்றார் செலின்.

"இல்ல, நல்லா இருக்கு."

"அப்பம் திங்கியா நீ? நெசமாவே மீன் திங்கியா?" செலின் எங்கள் பக்கம் திரும்பினார். "மைனி, நீங்க அண்ணைக்கு போன் போட்டு ஜினிக்குண்ணு கேட்டப்பம் எனக்கு நம்பவே முடியல்ல. வயித்துல பிள்ள வந்ததும் இவளுக்கு மீன் ஆசை வந்திட்டுண்ணு நெனச்சேன். எனக்கு அவ்வளவு சந்தோசம். இவ சின்னதுலேந்தே மீன் தொடமாட்டா மைனி. மீன் கழுவுன கையால தொட்டா அழுவா. இவளுக்கு மட்டும் தனியா முட்ட பொரிக்கணும், எங்க வீட்டுல."

"கடப்பொறத்துல பெறந்து மீன் திங்காத ஒரே பிள்ள இவளாக்கும்" என்றார் ததேயுஸ், வாயில் பாரையோடு.

எங்கள் வாசலில் நின்ற அத்தனை மீன் வண்டியும், அத்தனை சாளையும் அயிலையும் பாரையும் என் கண்முன்னால் வரிசையாக வந்தன. ஜெபகுமாரி கையில் கரண்டியோடு நின்றாள்.

"அஞ்சு மாசம்" என்றாள். "அஞ்சு மாசமா தினமும் மீன். ஒரு வார்த்த சொல்லலாம்லா?"

ஜினி தலையைத் தூக்கவில்லை. "நீங்க எனக்காண்டித்தானே வாங்குனிய, மாமி. மாமா கடையில கணக்கு எழுதிட்டு இருப்பாரு, நீங்க வெயில்ல நின்னு செவுளத் தூக்கிப் பாத்து வாங்குவிய. நான் எப்படிச் சொல்லுவேன்? கடல்காரி மீன் திங்கமாட்டாண்ணு சொன்னா, நடிக்கான்னு நெனச்சிர மாட்டியளா?" சொல்லிக்கொண்டே வந்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

நினைத்திருப்பாள். ஜெபகுமாரி நிச்சயமாக நினைத்திருப்பாள். அது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். நான் பப்படத்தை உடைத்தேன். அந்தச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

"பின்ன இத்தன நாளும் என்னத்தத் தின்னு இருந்த நீ?" ஜெபகுமாரியின் குரல் தாழ்ந்திருந்தது.

ஜினி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "காலம்பற நீங்க ஒங்க ரெண்டுபேருக்கும் கிழங்கு அவிப்பியளே. கடைக்குக் கொண்டுபோனது போக சட்டியில மிச்சம் கெடக்கும். நீங்க போனப்புறம் அதத்தான் தின்னுவேன். காந்தாரி மொளவும் உள்ளியும் இடிச்சு. அது எனக்கு ரொம்பப் பிடிக்கும் மாமி."

ஜெபகுமாரி என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். சட்டியில் மிச்சம் வைத்த மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு காணாமல் போவதற்கு இத்தனை நாளும் நான்தான் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். மத்தியானம் வீட்டுக்கு வந்து தின்றுவிட்டுப் போகிறேனாம், சர்க்கரைக்காரனுக்கு அறிவு வேண்டாமாம். நான் இல்லை என்று சொல்லிச் சொல்லி விட்டுவிட்டேன். இவளிடம் எதைச் சொல்லி என்ன? அந்த நேரத்தில் எனக்கு நியாயம் கிடைத்துவிட்டது. ஆனால் அதைக் கொண்டாடுகிற நிலைமையில் யாரும் இல்லை.

"கிழங்கா?" என்றாள் ஜெபகுமாரி. "வந்த பிள்ளைக்கு இல்லாதவன் திங்குத கிழங்க அவிச்சுக் குடுத்தா ஊரு என்ன சொல்லும்ணுல்லா நான் தராம வச்சிருந்தேன்."

அவள் கரண்டியை வைத்துவிட்டு, செருப்பை மாட்டி, பின்வாசல் வழியாகத் தோட்டத்துக்குள் இறங்கினாள். நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். கோழிக்கூட்டுக்கு அப்பால் நின்ற மரச்சீனியில் ஒரு செடியை அடியில் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். முந்தின நாள் மழையில் மண் இளகியிருந்தது, மொத்தமாக வந்துவிட்டது. கை மொத்தத்தில் கிழங்குகள். "பிடிங்க" என்று என் கையில் திணித்தாள். அடுக்களைக்கு வந்தால் செலின் அங்கே நின்றார். யாரும் யாரையும் கேட்கவில்லை. ஜெபகுமாரி தொலியை உரித்துப் போட்டாள், செலின் நறுக்கிக் கழுவினார். ஒரு அடுப்பில் இருவரும் தோளோடு தோள் நின்றார்கள். கல்யாணப் போட்டோவுக்கு இப்போது என்னைத் தேடவேண்டிய அவசியமே இல்லை.

கிழங்கு வேகும்வரை ததேயுஸ் காத்திருந்தார், சட்டியில் இருந்த கறி காத்திருக்கவில்லை. வெந்து உடைந்த கிழங்கை நீர் வடித்து ஜெபகுமாரி மேசைக்குக் கொண்டுவந்தாள். ஆவி பறந்தது. காந்தாரி மிளகாயையும் உள்ளியையும் உரலில் இடித்து, எண்ணெய் விட்டுக் கிண்ணத்தில் வைத்தாள். ஜினி கையைச் சுட்டுக்கொண்டே ஒரு துண்டை எடுத்து, காந்தாரியில் தொட்டு வாயில் வைத்தாள். இன்னொன்று எடுத்தாள். பிறகு எங்களை யாரையும் பார்க்கவில்லை. அவளுக்கு அந்த மேசையில் கிழங்கும் அவளும் மட்டும்தான் இருந்தார்கள். நெற்றியில் வியர்த்து, மூக்கு சிவந்து, தட்டை இரண்டாவது முறை நிரப்பினாள். இப்படிச் சாப்பிடுகிற ஒரு பிள்ளை எங்கள் வீட்டில் இருந்தது எங்களுக்கே தெரியாது.

ஜெபகுமாரி அப்போதுதான் முதல்முறையாக உட்கார்ந்தாள். ஜினிக்கு எதிரில், இரண்டு கையையும் மேசையில் ஊன்றி.

பாதியில் ஜினி நிறுத்தினாள். காந்தாரிக் கிண்ணத்தைப் பார்த்தாள். மாமியார் முகத்தைப் பார்த்தாள். கொஞ்சம் தயங்கினாள்.

"மாமி, இதுல உப்பு காணாது."

எங்கள் வீட்டில் சமையலுக்குக் குறை சொன்னவன் நான் ஒருவன்தான், அதுவும் கல்யாணமான புதிதில். அதற்குப்பின் சொன்னதில்லை. ததேயுஸ் மெல்வதை நிறுத்தினார். செலின், "ஏ மக்கா" என்று மகளின் கையைப் பிடித்தார்.

ஜெபகுமாரி கிண்ணத்தை இழுத்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். "ஆமா, காணாது" என்றாள். உப்பு டப்பாவை எடுத்துக் கொஞ்சம் போட்டு, விரலாலேயே கலக்கினாள். "இதச் சொல்ல இவ்வளவு நாளா ஏட்டி ஒனக்கு?"

எங்கள் ஊரில் ஏட்டி என்று வாய்நிறையக் கூப்பிட வேண்டுமென்றால், அவள் சொந்தப் பிள்ளையாக இருக்க வேண்டும். இதுவரை அவள் ஜினியை ஜினி என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள், அதுவும் பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பதுபோல. ஜினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணீரும் மூக்கும் காரமும் எல்லாம் சேர்ந்த ஒரு சிரிப்பு.

"இனி பிள்ளையத் தூக்கிட்டு வரும்போ காந்தாரி நாந்தான் இடிப்பேன், மாமி. நீங்க சரியா இடிக்கல்ல" என்றாள்.

ஜெபகுமாரி எழுந்தாள். ஒரு வேலை ஞாபகம் வந்தவள் மாதிரி அடுக்களைக்குள் போனாள். உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. செலின் உதவிக்கு எழப்போனார். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். கழுவவேண்டிய பாத்திரமெல்லாம் மேசைமேல் எங்கள் முன்னால்தான் இருந்தது.